மயிலையில் நான்கு மாத விருந்தாளி



புனித சவேரியாரின் படம் இல்லாத வீடு நம் பங்கில் குறைவு. பாடுபட்ட சுரூபத்தை உயர்த்திப் பிடித்த கை, நெஞ்சருகே எரியும் அன்பைக் காட்டத் திறந்த அங்கி, பின்னால் கடல். அப்படத்தைப் பார்க்கும் எவருக்கும் இந்த மனிதர் ஓய்வென்பதே அறியாதவர் என்றுதான் தோன்றும். குருமட நாட்களில் சாப்பாட்டு அறையில் அவருடைய சரித்திரத்தை உரக்க வாசிக்கக் கேட்டபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆயிரக்கணக்கான ஞானஸ்நானங்கள், புயல்கள், தீவுகள் என்று ஓடும் அந்த வாசிப்பில், மயிலாப்பூரில் அவர் கழித்த நான்கு மாதங்கள் இரண்டு கவளம் உண்பதற்குள் முடிந்துவிடும். வயது ஏற ஏற, அந்த நான்கு மாதங்களையே நான் அதிகம் நினைக்கிறேன். யூபிலி மலருக்குப் புனிதர் ஒருவரைப் பற்றி எழுதுங்கள் என்று நீங்கள் கேட்டபோது முதலில் மனத்தில் வந்ததும் அதுவே.

1545-ஆம் ஆண்டு, ஏப்ரல் மாதத்திலிருந்து ஆகஸ்டு இறுதி வரை, பிரான்சிஸ்கு சவேரியார் மயிலாப்பூரில் ஒரு குருவின் வீட்டில் விருந்தாளியாக இருந்தார். அது அவர் பணித்தளமன்று. அங்கே போகும்படி அவரை யாரும் அனுப்பவில்லை. காற்று அவரைத் திருப்பிவிட்டது என்று சொல்ல வேண்டும். மனச்சோர்வும் திருப்பிவிட்டது என்று சொன்னாலும் தவறாகாது.

அதை விளங்கிக்கொள்ள, அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளைச் சற்றே பார்க்க வேண்டும்.

1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் நவார் நாட்டுச் சவியேர் கோட்டையில் பிறந்தவர். 1525-இல் பாரீசுக்குப் படிக்கப் போனார். அங்கே புனித பார்பரா கல்லூரியில் ஒரே அறையில் அவருடன் தங்கியவர் பேதுரு ஃபாவர் என்னும் ஆட்டிடையர் மகன். 1529-இல் அதே அறைக்கு மூன்றாவதாக வந்து சேர்ந்தவர், நொண்டி நடக்கும், வயது முதிர்ந்த மாணவர் இஞ்ஞாசியார். இந்த மூவரின் நட்பிலிருந்துதான் சேசு சபை முளைத்தது. 1534 ஆகஸ்டு 15 அன்று மோன்மார்த்தர் குன்றில் 7 பேர் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். அதற்குப் பின் சவேரியார் எதையும் தனியாகச் செய்ததில்லை. 1537 ஜூன் 24 அன்று வெனிசில் குருப்பட்டம் பெற்றதும் முதல் திருப்பலிக்கு ஆயத்தமாக மொன்சேலிசே என்ற ஊரில் 40 நாள் ஏகாந்தமாகத் தங்கினார். அந்த ஏகாந்தத்திலும் சல்மெரோன் என்னும் தோழர் உடனிருந்தார். நண்பர்கள் நடுவிலேயே வளர்ந்த ஆன்மா அவருடையது. இதை மறந்துவிட்டால் அவருடைய பிற்கால வாழ்வு நமக்குப் பாதிதான் புரியும்.

அப்படிப்பட்டவர் 1540-இல் உரோமையைவிட்டு வெளியேறினார். 1541 ஏப்ரல் 7-ஆம் நாள், தம் 35-ஆவது பிறந்த நாளில், லிஸ்பனில் கப்பலேறினார். 1542 மே 6 அன்று கோவாவில் இறங்கினார். அவ்வாண்டின் இறுதிக்குள் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு, கன்னியாகுமரி வரையிலான கரையெங்கும் மணலில் நடந்து, தமிழ் தெரிந்தவர்களின் துணையோடு செபங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு பிள்ளைகளைக் கூட்டிப் படிப்பித்தார். பேச முழுமையாக வராத ஒரு மொழியில் இரண்டு ஆண்டு உழைப்பது எத்தகைய தனிமை என்பதை, அயல்மொழி ஊரில் வேலைக்குப் போன நம் பங்குப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

1544-ஆம் ஆண்டு அவருக்குச் சோதனை ஆண்டு. ஜூன் மாதத்தில் வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்துக் கிராமங்களைச் சூறையாடியது. மக்கள் கடலோரப் பாறைகளில் ஒளிந்து பசியாலும் தாகத்தாலும் வாடினார்கள். மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு அவர் புறப்பட்டார்; எதிர்க்காற்று தோணிகளைத் திருப்பிவிட்டது. பிறகு கரைவழியே நடந்துபோய் அவர்களைப் பார்த்தார். இந்நாட்களில் தம் துணைவர் பிரான்சிஸ்கு மன்சிலாசுக்கு அவர் ஓயாமல் கடிதம் எழுதினார். அவற்றில் களைப்பு தெரிகிறது. சில சமயம் வாழ்வே அலுத்துப்போன தொனியும் தெரிகிறது. அதே ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். சரித்திரங்கள் இந்த எண்ணிக்கையோடு மகிழ்ந்து நின்றுவிடும். ஆனால் அந்த மகிழ்ச்சி அவருக்கு நீடிக்கவில்லை.

மன்னாரில் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற ஏறத்தாழ 600 பேரை யாழ்ப்பாண அரசன் வெட்டிக் கொன்றான் என்ற செய்தி வந்தது. அந்த மக்கள் அவரைத் தேடி ஆள் அனுப்பி வேதத்தில் சேர்ந்தவர்கள். தாம் போக முடியாமல் வேறொரு குருவை அனுப்பி ஞானஸ்நானம் கொடுக்கச் செய்திருந்தார். சவேரியார் உடனே மேற்குக் கரைக்கு விரைந்து, போர்த்துக்கீசிய ஆளுநர் மார்த்தீன் அல்போன்சு தெ சூசாவைக் கண்டு, அந்த அரசனைத் தண்டிக்க ஒரு கடற்படை வேண்டும் என்று கேட்டார். ஆளுநர் சம்மதித்தார், படை நாகப்பட்டினத்தில் கூட வேண்டும் என்று கட்டளையாயிற்று.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. இரத்தத்துக்கு இரத்தம் என்று ஒரு குரு படையைத் தேடிப் போனது இன்று நமக்கு உவப்பானதன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்த நாம் அதை நியாயப்படுத்தவும் தேவையில்லை. அக்காலத்தில் அரசும் திருச்சபையும் பின்னிக் கிடந்தன, அவர் தம் காலத்தின் மனிதர் என்று மட்டும் சொல்லலாம். புனிதர்களின் வரலாற்றில் நமக்கு நெருடுவதை மறைத்துச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று நான் நினைக்கவில்லை.

நடந்தது என்ன? பெகுவிலிருந்து சரக்கோடு வந்த ஒரு போர்த்துக்கீசியக் கப்பல் யாழ்ப்பாணக் கரையில் தட்டி நின்றது. அதிலிருந்த விலையுயர்ந்த பொருள்கள் யாழ்ப்பாண அரசன் கையில் சிக்கின. அவற்றை மீட்க வேண்டும். அதுவரை அவனோடு பகை கூடாது. படையெடுப்பு நின்றது. 600 உயிருக்காகக் கூடிய படை சரக்குக்காகக் கலைந்தது. சவேரியார் நாகப்பட்டினத்தில் நின்று இதைக் கண்ணால் கண்டார்.

அதிகாரிகளைப் பற்றி அவருக்கு முன்பே கசப்பு இருந்தது. அந்த ஜனவரியில் கொச்சியிலிருந்து போர்த்துக்கல் அரசர் மூன்றாம் ஜானுக்கு எழுதிய கடிதத்தில், கடவுளின் நியாயாசனத்துக்கு முன் அரசர் கொடுக்க வேண்டிய கணக்கை அவர் அஞ்சாமல் நினைவூட்டினார். லிஸ்பனிலிருந்த தம் தோழர் சிமோன் ரொத்ரிகசுக்கு எழுதியபோது, உம் நண்பர் எவரையும் உத்தியோகத்தோடு இந்தியாவுக்கு அனுப்ப விடாதேயும் என்று எச்சரித்தார். இங்கே வருகிறவர்கள் கொள்ளையடித்தல் என்ற வினைச்சொல்லை இலக்கணம் அறியாத எல்லா விதத்திலும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள் என்னும் பொருள்படக் கசந்து எழுதினார். லத்தீன் இலக்கணம் படித்தவருக்குத்தான் இப்படி ஒரு கேலி வரும். ஆனால் நாகப்பட்டினத்தில் கேலிக்கும் இடமில்லாமல் போயிற்று.

இனி எங்கே போவது? தெற்கே முத்துக்குளித்துறைக்குத் திரும்பக் காற்று விடவில்லை. குருத்து ஞாயிறன்று, அதாவது மார்ச் 29 அன்று, வடக்கே போகும் கப்பல் ஒன்றில் ஏறினார். அதுவும் எதிர்க்காற்றில் அகப்பட்டு நாகப்பட்டினத்துக்கே திரும்பியது. அந்தப் புனித வாரம் முழுவதும் அவர் உணவு கொள்ளவில்லை என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். பாஸ்கு முடிந்த செவ்வாய்க்கிழமை, ஏப்ரல் 7 அன்று, நாகப்பட்டினத்திலிருந்து மன்சிலாசுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஓரிடத்தில் நிற்காமல் ஊர் ஊராகச் செல்லும், பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதை விடாதேயும், திருவிதாங்கூர்க் கரையாரை மறவாதேயும் என்று கட்டளைகள். அன்று அவருக்கு 39 வயது நிறைந்தது. அதைப் பற்றி ஒரு சொல் கூட எழுதவில்லை.

பிறகு மயிலாப்பூருக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ 300 கிலோமீட்டர். கரைவழியே நடந்தார் என்பது பழைய மரபு.

அன்றைய மயிலையை இன்றைய சென்னையாகக் கற்பனை செய்ய வேண்டாம். சென்னை என்ற பட்டணம் உருவாக இன்னும் 94 ஆண்டுகள் இருந்தன. சாந்தோமில் இன்று நாம் காணும் உயர்ந்த கோபுரத்துப் பேராலயம் 1896-இல்தான் கட்டி முடிந்தது. பரங்கிமலையிலுள்ள கற்சிலுவை மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது 1547-இல். ஆகவே சவேரியார் அதைப் பார்த்திருக்க முடியாது. அவர் கண்டது கடலோரத்தில் ஒரு சிறிய கோவில், அதனுள் அப்போஸ்தலர் தோமையாரின் கல்லறை, அதைச் சுற்றிக் குடியேறிய போர்த்துக்கீசிய வணிகரும் ஓய்வுபெற்ற படைவீரரும் அவர்கள் குடும்பங்களும். கல்லறையை 1523-இல் போர்த்துக்கீசியர் தோண்டி எலும்புகளைக் கண்டெடுத்திருந்தார்கள். மேற்றிராசனமாக மயிலை உயர்வதற்கு 1606 வரை காத்திருக்க வேண்டும். அப்போது அது தொலைவிலுள்ள கோவாவுக்குக் கட்டுப்பட்ட ஒரு விசாரணை, அவ்வளவே.

அந்த விசாரணையின் குரு கஸ்பார் கொயேலியோ. அவர் சேசு சபையாரல்லர்; நம்மைப் போன்ற ஒரு பங்குக் குருதான். அவர் சவேரியாரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார். உணவு, படுக்கை, பேச்சுத்துணை மூன்றும் கொடுத்தார். மூன்று ஆண்டுக்குப் பிறகு, ஏறத்தாழ முதன்முறையாக, ஓர் உடன் குருவோடு ஒரே கூரையின் கீழ் மாதக்கணக்கில் தங்கும் பாக்கியம் சவேரியாருக்குக் கிடைத்தது. ஒரு பங்குக் குருவாக இந்த இடத்தில் நான் சற்று நின்றுவிடுகிறேன். இரவு உணவுக்குப் பின் எதிரே உட்கார்ந்து பேச இன்னொரு குரு இருப்பது எவ்வளவு பெரிய கொடை என்பது, தனியாக ஒரு பங்கில் பல ஆண்டு இருந்தவருக்கே தெரியும். கொயேலியோவுக்கும் அது தெரிந்திருக்கும். சவேரியார் தம் உள்ளத்து இரகசியங்களை, இளமை முதல் தம் கற்பைக் கடவுள் காத்ததை உட்பட, அவரிடம் மனம்விட்டுப் பேசினார். பிற்காலத்தில் சவேரியாரின் வாழ்வைப் பற்றி விசாரணை நடந்தபோது இவற்றைச் சொன்னவர் கொயேலியோவே. அப்போஸ்தலர்களின் வாழ்வை வாழ்ந்த மனிதர் என்பது அவர் சாட்சியம்.

கொயேலியோவின் வீட்டுக்கும் கல்லறைக் கோவிலுக்கும் இடையே ஒரு தோட்டம் இருந்தது. இரவில் எல்லாரும் உறங்கிய பின் சவேரியார் மெல்ல எழுந்து, தோட்டத்தைக் கடந்து, கோவிலுக்குப் போய்த் தேவமாதாவின் முன் முழந்தாளிடுவார். சாந்தோமில் மயிலை மாதா என்று இன்றும் நாம் வணங்கும் சுரூபத்தின் முன்னேதான் அவர் செபித்தார் என்பது மரபு. இருட்டில் அங்கே தனியாகப் போக வேண்டாம், பேய்கள் நடமாடுகின்றன என்று கொயேலியோ தடுத்துப் பார்த்தார். விருந்தாளி சிரித்துவிட்டுப் போனார். துணைக்கு ஒரு மலபார் வாலிபனை மட்டும் அழைத்துக்கொண்டார், அவன் கோவில் வாசலருகே படுத்துக்கொள்வான். ஒருநாள் இரவு அந்த வாலிபன், உள்ளே யாரோ அடிக்கும் ஓசையையும், தேவமாதாவே எனக்கு உதவமாட்டீரோ என்ற கருத்தில் சவேரியார் திரும்பத் திரும்பக் கூவுவதையும் கேட்டான். மறுநாள் அதிகாலைச் செபத்துக்கு சவேரியார் வரவில்லை. இரண்டு நாள் படுத்த படுக்கையாக இருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு உடல்நலமில்லை என்றார். வாலிபன் மூலம் விஷயத்தை அறிந்த கொயேலியோ, பின்பு பேச்சினிடையே அந்தச் சொற்களையே வேடிக்கையாகச் சொல்லிக்காட்டினாராம். சவேரியார் முகம் சிவந்து புன்னகை செய்தாராம்.

அந்த இரவில் நடந்தது பசாசின் தாக்குதலா, நெஞ்சுக்குள் நடந்த போரா என்று தீர்ப்புச் சொல்ல நான் முற்படவில்லை. என்னைத் தொடுவது கேலியும் நாணமும்தான். சவேரியாரைக் கேலி செய்ய உரிமையுள்ள ஒருவர் அந்தக் கரையில் இருந்தார். பாரீசு அறையில் ஃபாவரும் இஞ்ஞாசியாரும் செய்ததைப் பல்லாயிரம் மைல் தள்ளி ஒரு மயிலைக் குரு செய்தார்.

ஓய்வு என்றால் சும்மா இருந்தார் என்று எண்ணிவிட வேண்டாம். பிரசங்கம் செய்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், முறையற்று வாழ்ந்தவர்களைத் திருமணத்தில் சேர்த்துவைத்தார். அவர் பாணியைக் காட்ட ஒரு கதை சொல்வார்கள். பல பெண்களோடு வாழ்ந்த ஒரு பணக்காரர் வீட்டுக்கு அழைப்பில்லாமலே ஒருநாள் உணவுக்குப் போனார். அமர்ந்து சாப்பிட்டார், இன்முகமாகப் பேசினார், கண்டித்து ஒரு சொல் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்காரருக்குத்தான் உறக்கம் போயிற்று. மறுநாள் அவரே தேடிவந்து வழி கேட்டார். வீடு சந்திக்கப் போகும்போது என் நாக்கு நீண்டுவிட்டதாக உணரும் நாட்களில் இந்தக் கதை எனக்கு நினைவு வரும்.

இன்னொருவர் ஜான் தெ எய்ரோ. படைவீரராக இருந்து வணிகரானவர். சொந்தக் கப்பலும் சரக்கும் உண்டு. சவேரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, அனைத்தையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு அவரோடு வருவதாக உறுதி சொன்னார். சில நாளில் மனம் மாறியது. இரகசியமாகக் கப்பலேறி நழுவிவிட ஆயத்தம் செய்தார். புறப்படும் வேளையில் ஒரு சிறுவன் வந்து, சுவாமியார் அழைக்கிறார் என்றான். தம்மையா அழைக்கிறார் என்று இவர் தயங்கினார். பெயரைச் சொல்லியே அழைத்தார் என்றான் சிறுவன். போனார். சவேரியார் அவரைப் பார்த்து, பாவம் செய்துவிட்டீர் என்று மட்டும் திரும்பச் சொன்னார். எய்ரோ உடைந்துபோனார், கப்பலை விற்றார், மயிலையிலிருந்து சவேரியாரின் துணைவராகவே புறப்பட்டார்.

ஆனால் புறப்பட வேண்டியது எங்கே? அந்த நான்கு மாதங்களின் உட்பொருள் இந்தக் கேள்விதான். மக்காசர் தீவில் சில தலைவர்கள் வேதத்தில் சேர்ந்திருக்கிறார்கள், கற்பிக்க ஆளில்லை என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியிருந்தது. போனால், கண்ணீரோடு கட்டியெழுப்பிய முத்துக்குளித்துறையை மன்சிலாசிடமும் ஒருசில குருக்களிடமும் விட்டுச் செல்ல வேண்டும். போகாவிட்டால், காப்பாற்றவும் மாட்டாத, தண்டிக்கவும் மாட்டாத அதே அதிகாரிகளின் நிழலில் மீண்டும் உழல வேண்டும். கசப்பினால் ஓடுகிறேனா, கடவுள் அழைத்துப் போகிறேனா? இதைத்தான் அவர் இரவுதோறும் தோமையாரின் கல்லறையில் கேட்டிருக்க வேண்டும். அதனால்தான் அந்தக் கோவிலுக்குள் அடிவிழுந்தது என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

மே 8 அன்று, இந்தியாவில் இறங்கி மூன்று ஆண்டும் இரண்டு நாளும் ஆன நிலையில், கோவாவிலிருந்த தியேகோ தெ போர்பா, பவுல் என்னும் இரு குருக்களுக்கும் மயிலையிலிருந்து எழுதினார். ஆண்டவரின் சித்தம் இன்னதென்று மிகுந்த உள்ளாறுதலோடு தமக்குத் தெளிவாகிவிட்டது, மலாக்காவுக்குப் போகப் போகிறேன் என்றார். போர்த்துக்கீசியக் கப்பல் இல்லையென்றால் மகமதியர் கப்பலில், அல்லது பிற சமயத்தார் கப்பலில் போவேன் என்றார். இந்தக் கரையிலிருந்து இவ்வாண்டு ஒரு கட்டுமரம்தான் போகிறதென்றால், அதிலும் கடவுளை நம்பி ஏறிவிடுவேன் என்றும் எழுதினார். கட்டுமரம் என்ற நம் சொல்லையே அந்த அயல்மொழிக் கடிதத்தில் வைத்திருக்கிறார். கட்டுமரத்தில் மீன் பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது எத்தகைய பேச்சு என்பதை விளக்கத் தேவையில்லை. கரையைவிட்டுச் சிறிது தூரம் போய்த் திரும்புவதற்குக் கட்டிய நான்கு கட்டைகளில் வங்கக் கடலையே கடப்பேன் என்கிறார்!

முடிவு மே மாதத்திலேயே வந்துவிட்டது. காற்று ஆகஸ்டில்தான் வந்தது. இடைப்பட்ட மாதங்களை அவர் பதறாமல் கழித்தார். ஆகஸ்டு இறுதியில் கப்பலேறி, செப்டம்பர் இறுதியில் மலாக்காவில் இறங்கினார். முத்துக்குளித்துறை கைவிடப்பட்டதா என்றால், ஒருவகையில் சில காலம் அப்படித்தான். ஆனால் அவ்வாண்டே கோவாவுக்கு வந்த அந்தோனி கிரிமினாலி அந்தக் கரைக்கு அனுப்பப்பட்டு, 1549-இல் வேதாளையில் மறைசாட்சியானார். 1547-இல் என்றிக்கு என்றீக்கசு வந்து சேர்ந்தார். அவர் ஆக்கிய தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியது. சவேரியாருக்குச் சரியாக வராத தமிழ், அவர் விட்டுச்சென்ற இடத்துக்கு வந்தவருக்கு வாய்த்தது.

மயிலையில் சேர்ந்த துணைவர் எய்ரோ மலாக்காவில் ஒருமுறை பணவிஷயத்தில் கீழ்ப்படியாமல் நடந்து, அருகிலிருந்த சிறு தீவில் தவம் செய்யும்படி அனுப்பப்பட்டார். பிற்காலத்தில் கோவாவில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து இறந்தார். மன்சிலாசின் கதை வருத்தமானது. லிஸ்பனிலிருந்து உடன் வந்தவர், முத்துக்குளித்துறையின் அத்தனை கடிதங்களையும் பெற்றவர். மலுக்குத் தீவுகளுக்கு வாரும் என்று சவேரியார் எழுதியபோது அவர் போகவில்லை. சபையிலிருந்து விலக்கப்பட்டார். நண்பர்கள் இல்லாமல் வாழ முடியாத மனிதரே அந்த விலக்கலையும் செய்ய வேண்டியிருந்தது.

1546 மே மாதத்தில் அம்போன் தீவிலிருந்து ஐரோப்பாவிலுள்ள தோழர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்களை எந்நாளும் மறவாதபடி, நீங்கள் எழுதிய கடிதங்களில் உங்கள் கையால் இட்ட கையெழுத்துக்களைக் கத்தரித்து எடுத்து, என் வார்த்தைப்பாட்டுச் சீட்டோடு சேர்த்து எப்போதும் என்னோடு வைத்திருக்கிறேன் என்று அதில் தெரிவித்தார். அக்காலத்தில் ஒரு கடிதம் ஐரோப்பாவிலிருந்து வந்து பதில் போய்ச்சேர ஆண்டுக்கணக்காகும். அவர் அதை எழுதிய மூன்றாம் மாதம், ஆகஸ்டு 1 அன்று, பேதுரு ஃபாவர் உரோமையில் இறந்தார். பாரீசு அறையின் அந்தத் தோழரின் கையெழுத்தும், அவர் இறந்தது தெரியாமலே, தீவு தீவாகச் சவேரியாரின் நெஞ்சோடு பயணம் செய்திருக்கும். ஃபாவர் 2013-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது நீங்கள் அறிந்ததே: மலுக்குத் தீவுகள், 1549 ஆகஸ்டு 15 அன்று ஜப்பானில் ககோஷிமா, பனியில் நடந்துபோன கியோத்தோ, கடைசியாகச் சீனாவின் வாயிலில் சான்சியான் தீவு. 1552 டிசம்பர் 3 அதிகாலை அங்கே ஒரு குடிசையில், அந்தோனி என்ற சீன இளைஞர் அருகிலிருக்க, அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 46.

இறந்தபின் அவர் நெஞ்சில் தொங்கிய ஒரு சிறு பேழையைத் திறந்து பார்த்தார்கள் என்பது மரபு. உள்ளே மூன்று பொருள்கள் இருந்தன. ஒன்று, அவர் தம் கையால் எழுதிய வார்த்தைப்பாட்டுச் சீட்டு. மற்றொன்று, இஞ்ஞாசியாரின் கையெழுத்து. மூன்றாவது, புனித தோமையாரின் எலும்பில் ஒரு சிறு துண்டு. அது மயிலையில், கஸ்பார் கொயேலியோவின் வீட்டுத் தோட்டத்துக்கு அப்பால் இருந்த கல்லறையிலிருந்து வந்தது.